ஃபோர்மேன் சொன்ன குட்மார்னிங்

கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்க முடியாத வயதுக்கு வந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால் தப்பில்லை. ஆனால் நடுவில் நிறுத்தி, "அப்போ உங்க வீட்டுல தண்ணி கேன் போட மாட்டாங்களா?" என்று கேட்பார்கள். நமக்குத்தான் குறுக்கே பேசாமல் தலையாட்டிக்கொண்டு கேட்கத் தெரியும்.

என் வீட்டுக்காரர் போன வருஷம் ரிட்டையர் ஆனார். அன்றிலிருந்து அவர் கை சும்மா இருக்கவில்லை. முதலில் மொட்டை மாடியில் தக்காளி போட்டார், அணில் தின்றது. பிறகு யோகா கற்றுக்கொண்டார், இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்க்கிறார். அந்தத் தொட்டிக்கு நடக்கிற உபசாரத்தில் கால்வாசி இந்த வீட்டில் எனக்கு நடந்திருந்தால் நான் ராணி மாதிரி இருந்திருப்பேன். போன வாரம் தொட்டித் தண்ணீரை மாற்றும்போது ஒரு குட்டி பாட்டிலிலிருந்து நீல நிறத்தில் என்னவோ சொட்டுச் சொட்டாக விட்டார்.

"என்ன அது?" என்றேன்.

"குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும். நமக்கு ஒண்ணும் பண்ணாது, மீனுக்கு விஷம். இந்த மருந்து அதை முறிச்சிடும்" என்றார், பெரிய ஞானி மாதிரி.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு எப்போது கண்ணில் தண்ணீர் வந்தது என்று தெரியவில்லை. அவர் பயந்துபோய் பாட்டிலை மூடிவிட்டார். எங்கள் நைனா ஞாபகம் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். நைனா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு மில்லில் வேலை பார்த்தார். உலையிலிருந்து சிவக்கச் சிவக்க வரும் கம்பியை நீட்டு இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் தள்ளுகிற வேலை. அவருடைய எந்தச் சட்டையை வெயிலில் காயப் போட்டாலும் தீப்பொறி பட்ட ஓட்டை வழியாகத் தரையில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழும். நானும் தம்பியும் அந்தப் புள்ளிகளை மிதித்து விளையாடுவோம்.

அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்துக் கதிர் அறுத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் நைனாதான் முதன்முதலில் சங்குச் சத்தத்துக்கு வேலைக்குப் போனவர். மில்லுக்குப் பின்னால் வேலைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வரிசையாக வீடு கட்டிக்கொண்டார்கள். எங்கள் மனை தாழ்வாக இருந்ததால் பின்பக்கத்தில் மண்ணைத் தோண்டி முன்பக்கத்தை உயர்த்தினார் நைனா. வீடு உயர்ந்தது, கொல்லையில் ஒரு அறை அளவுக்குப் பள்ளம் விழுந்தது. ஐப்பசி மழையில் அது இடுப்பளவு நிரம்பிவிட்டது.

கொசு வருகிறது, பள்ளத்தை மூடு என்று அம்மா தினமும் பாட்டுப் பாடினாள். ஒரு நாள் நைனா சைக்கிள் கேரியரில் எண்ணெய் டின் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். டின்னுக்குள் விரல் நீளத்துக்கு வெள்ளி வெள்ளியாக என்னவோ சுற்றிக்கொண்டிருந்தன.

"இன்னாயா இது?" என்றாள் அம்மா.

"மீன் குஞ்சும்மே. கட்லா, ரோகு. கூட வேலை செய்யுற ஆளு பூண்டி ஏரிப் பக்கத்துக்காரன், குடுத்தான். கொசுமுட்டையத் துன்னுடும், நமக்குக் கொழம்புக்கும் ஆவும்."

"பள்ளத்த மூடச் சொன்னா அதுல குடித்தனம் வெக்கிறியா?"

நைனா டின்னைக் கவிழ்த்தார். குஞ்சுகள் ஒரு நொடி திகைத்து நின்றுவிட்டுக் கலைந்து போயின. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலையில் அரிசி கழுவின தண்ணீரை அவள்தான் கொண்டுபோய் ஊற்றினாள்.

இப்போது அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நைனாவுக்கு ஒரே அக்கா. நைனா கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர்களுடைய அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அத்தைதான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே களை பறித்தவள். வரப்பில் துணி விரித்துப் படுக்கவைத்து, வேலைக்கு நடுவே ஓடி ஓடி வந்து பார்த்துவிட்டுப் போவாளாம். அப்படி வளர்த்த தம்பி இரும்பு மில்லுக்குப் போகிறேன் என்றதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. அதே மில்லில் எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்குக் கை விரல்கள் போயிருந்தன. "அது ஆளத் துன்னுற மில்லுடா. போனியானா உன் ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்றாள். நைனா போனார். அத்தையும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

ஆனால் தம்பியைப் பார்க்காமலும் அவளால் இருக்க முடியாது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், எங்கள் பிறந்தநாள் என்று ஒன்று விடாமல் முதல் பஸ் பிடித்து வந்துவிடுவாள். கையில் ஒரு தூக்கு, அதில் அவள் சோறு. கூடவே ஒரு பாட்டில், அதில் அவள் ஊர்த் தண்ணீர். எங்களுக்குப் பனங்கிழங்கு, வேர்க்கடலை எல்லாம் கொடுப்பாள், தலைவாரி விடுவாள், பேன் பார்ப்பாள். சாப்பாட்டு நேரம் வந்ததும் கொல்லை முருங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்து தன் தூக்கைத் திறந்துகொள்வாள்.

உள்ளே அம்மா பிரியாணி ஆக்கியிருப்பாள். வெளியே நாத்தனார் பழைய சோற்றை வெங்காயம் கடித்துத் தின்பாள். அம்மாவுக்கு அவமானம். நைனாவுக்கோ அதைவிடப் பெரிய துக்கம். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருப்பார். பண்டிகை நாளில் எங்கள் நைனா வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

ஏன் சாப்பிட மாட்டாய் என்று கேட்டால் அத்தை மில்லைக் குறை சொல்ல மாட்டாள். தண்ணீரைத்தான் சொல்லுவாள். "இந்தத் தண்ணியில மருந்து நாத்தம் அடிக்குது. கம்பெனி ஊருத் தண்ணி. புல்லு பூண்டு கூட மொளைக்காது."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நைனா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தைக் காட்டினார். ஒரு பிடி தவிடு தூவினார். குபுகுபுவென்று மீன்கள் வந்தன. அத்தை ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவள், மீனைக் கண்டால் அவள் முகம் தானாக மலரும். மலர்ந்ததைச் சட்டென்று மறைத்துக்கொண்டாள்.

"எத்தினி நாளிக்கி இருக்கும் இதுங்க?"

"ஈஸ்டருக்கு வந்து பாரு. ஒவ்வொண்ணும் கையளவு இருக்கும்."

"சர்தான். ஈஸ்டர் வரைக்கும் இதுங்க உசுரோட இருந்தா அப்ப நான் உன் ஊட்டுல கை நனைக்கிறேன். மீனு பொழைக்கிற தண்ணி எனக்கு மட்டும் ஆவாதா?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று அம்மா நினைத்தாள். நைனா அப்படி நினைக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பள்ளத்துக்கு நைனா காவல்காரர் ஆகிவிட்டார். கொக்கு வராமல் இருக்கப் பழைய மீன்வலை கட்டினார். என் தம்பி பள்ளத்தில் ஒரு தடவை கல்லெறிந்ததற்கு விழுந்த அடி இன்றைக்கும் அவன் சொல்லிக் காட்டுகிற அடி.

தை, மாசி எல்லாம் நைனாவுக்குப் பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். விடியற்காலையில் மில் சங்கு ஊதும். கொஞ்ச நேரத்தில் சைக்கிள் மணி கேட்கும். வீட்டுக்குள் வராமல் நேராகக் கொல்லைக்குத்தான் போவார். நான் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். அந்த நேரத்தில் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். எல்லா மீனும் மேலே வந்து வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் தடித்த உதட்டோடு ஒரு பெரிய கட்லா நிற்கும். நைனா அதற்கு ஃபோர்மேன் என்று பேர் வைத்திருந்தார். மில்லில் அவருடைய ஃபோர்மேனும் காலையில் கேட் பக்கம் நின்று இப்படித்தான் வாயைத் திறந்து திறந்து மூடுவாராம்.

"பாத்தியா பாப்பா? ராவெல்லாம் வேலை செஞ்சிட்டு வரேன்னு தெரியுது இதுக்கு. குட்மார்னிங் சொல்லுது. மனுசங்களுக்குக் கூட இந்த மரியாதை இல்ல."

"குட்மார்னிங் ஃபோர்மேன்" என்று நானும் சொல்லுவேன். நைனா சந்தோஷத்தில் இன்னொரு பிடி தவிடு போடுவார். மில் கேன்டீனில் ஷிஃப்டுக்கு ஒரு பன் தருவார்கள். அதுவரை அது எனக்கு வந்துகொண்டிருந்தது. ஃபோர்மேன் வந்த பிறகு அதில் பாதி அவனுக்குப் போயிற்று. எனக்கு அந்த மீன்மேல் பிரியமும் இருந்தது, பொறாமையும் இருந்தது.

அம்மா மட்டும் ஒரு நாள் கேட்டாள். "சாயங்காலம் நான் போனா ஒண்ணு கூட மேல வர்ல. உனக்கு மட்டும் ஏன்யா வருது?"

"அதுங்களுக்கு யாரு சம்பாதிச்சுப் போடுறாங்கன்னு தெரியும்மே."

அம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் அந்த நாற்பது நாளும் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. நைனா பீடியையும் விட்டுவிடுவார். பீடிக்குப் பதிலாக மீன்களைக் கவனிப்பதில் இறங்கினார். தவிடு, கடலைப் புண்ணாக்கு, மிஞ்சின சோறு, பன். நாங்கள் ரசமும் அவரைக்காயுமாக மெலிந்துகொண்டு வந்தோம், மீன்கள் கொழுத்துக்கொண்டு வந்தன. "நாம சாம்பல் பூசிக்கினு பட்டினி, இதுங்களுக்கு நாப்பது நாளும் கல்யாணம்" என்பாள் அம்மா.

வெயில் ஏற ஏறப் பள்ளத்துத் தண்ணீர் இறங்கியது, பச்சையும் கெட்டிப்பட்டது. முதலில் இளநீர் வழுக்கை நிறம், பிறகு வாழை இலை நிறம், கடைசியில் மருதாணி அரைத்த நிறம். கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே விரல்கள் மறைந்துபோகும். ஒரு மாதிரி வாசனை. சேறும் புண்ணாக்கும் கலந்த அந்த வாசனை என் மூக்கில் இன்னும் இருக்கிறது, எனக்கு அது பிடிக்கும்.

பக்கத்து வீட்டு மாமா ஒரு பெயின்ட் கம்பெனியில் லேபில் வேலை செய்தார். சட்டைப் பையில் எப்போதும் லிட்மஸ் தாள் வைத்திருப்பார். மோர் புளித்துவிட்டதா என்பதைக் கூட அதில் நனைத்துப் பார்த்துத்தான் சொல்லுவார். நைனா கூப்பிட்டதும் வந்து ஒரு தாளைப் பள்ளத்தில் முக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"ஆசிட் இல்ல. ஒண்ணும் இல்ல. தங்கமான தண்ணி. பயப்படாதே."

நனைத்த தாளை என்னிடம் கொடுத்தார். வெளிர் ஊதா நிறம். அதை நான் அம்மாவின் பைபிளில் சங்கீதப் பக்கத்தில் வைத்தேன். மாமா வாரத்துக்கு ஒரு தாள் முக்கினார், ஒவ்வொரு தடவையும் தங்கமான தண்ணி என்றே சொன்னார். சங்கீதம் முழுக்க ஊதாத் தாள் சேர்ந்தது. மாமா பொய் சொல்லவில்லை. அந்தத் தாளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த பைபிள் வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது. யாராவது திறந்து பார்த்து இது என்ன தாள் என்று குழம்பியிருப்பார்கள்.

குருத்தோலை ஞாயிறு கழிந்து ஒரு காலையில் சில சின்ன மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. நைனா ஷிஃப்ட் சட்டையோடு அப்படியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஈஸ்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முதல் பஸ்ஸில் அக்கா வந்து இறங்குவாள். பள்ளத்தில் மீன் இல்லை என்றால் மறுபடி முருங்கை மரத்தடி, மறுபடி பழைய சோறு. அதை இன்னொரு பண்டிகைக்குப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

"தண்ணி கெட்டுப்போச்சுமே" என்றார். "நல்ல தண்ணி விட்டாத்தான் பொழைக்கும்."

நல்ல தண்ணீர் என்றால் எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான். அதை நீங்கள் புரிந்துகொள்ள நைனா பிறந்த ஊருக்கு ஒரு நிமிஷம் வரவேண்டும். அங்கே நல்ல கிணறு நிலக்காரர் தெருவில் இருந்தது. எங்கள் ஆட்கள் குடத்தோடு தள்ளி நிற்க வேண்டும், யாராவது மனது வைத்து ஊற்றினால் உண்டு. இல்லாவிட்டால் ஏரி மதகில் கலங்கின தண்ணீர், மாடு குளிக்கிற அதே தண்ணீர். நைனா வளர்ந்தது அதைக் குடித்துத்தான். தொழிற்பேட்டை வரிசைக்கு வந்த பிறகுதான் முதன்முறையாக வாசலில் குழாய் போட்டார்கள். திறந்தால் பளிங்கு மாதிரி தண்ணீர், கூடவே ப்ளீச்சிங் பவுடர் வாசனை. மற்றவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். நைனா கண்ணை மூடி முகர்வார். யாரிடமும் கேட்காமல், யாருக்கும் காத்திராமல் தன் கையால் திறந்த தண்ணீரின் வாசனை அவருக்கு அது. வாசனை குறைவாக வருகிற நாளில், "இன்னிக்கி தண்ணி நல்லால்ல" என்பார்.

பெரிய வெள்ளிக்கிழமை மீன் செத்தது என்று சொன்னால் நான் கதை கட்டுவதாக நினைப்பீர்கள். என்ன செய்வது, அன்றைக்குத்தான் நடந்தது. நானும் அம்மாவும் தம்பியும் மூன்று மணி நேர ஆராதனைக்குக் கோயிலுக்குப் போயிருந்தோம். நைனா வரவில்லை. எங்களுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்து ஆச்சரியப்படுத்த நினைத்தார். பண்டிகை வாரம் என்று அன்று பகலிலும் குழாயில் தண்ணீர் விட்டார்கள். மேல்தொட்டியைக் கழுவி மருந்தைத் தாராளமாகப் போட்டிருப்பார்கள் போலிருக்கிறது, தெருவே ப்ளீச்சிங் வாசனை. நைனாவுக்கு அது கூடுதல் சந்தோஷம். பள்ளத்துப் பச்சைத் தண்ணீரில் பெரும்பகுதியை வாளி வாளியாக மொண்டு கொல்லை வாழைக்கு ஊற்றினார், மிச்சத்தைக் குளியலறை டிரம்களில் நிரப்பி வைத்தார். பிறகு வாசல் குழாயிலிருந்து டியூப் போட்டுப் பள்ளத்தில் திறந்துவிட்டார். நாங்கள் குளிக்கக் கூட எடுக்கக் கூடாத தண்ணீர் அது, குடிக்க மட்டும்தான். அதை மீனுக்குக் கொடுத்தார். அவர் கையில் இருந்ததிலேயே உயர்ந்த பொருள் அதுதான்.

நாங்கள் திரும்பி வரும்போது கொல்லையில் பளார் பளார் என்று சத்தம். மீன்கள் துள்ளி வலையில் மோதிக்கொண்டிருந்தன. சில கரையில் கிடந்து துடித்தன, பல மல்லாந்துவிட்டன. நைனா நடுவில் முழங்காலளவு தெளிந்த தண்ணீரில் நின்றுகொண்டு, மல்லாந்த மீன்களை ஒவ்வொன்றாகத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார். திருப்பி விட்டது மறுபடி மல்லாந்தது.

"நல்ல தண்ணிதானே விட்டேன், நல்ல தண்ணிதானே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நைனா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அம்மா கோயில் வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகினாள். அவளுக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தத் தண்ணீரில் நேராக உலை வைத்தால் சோற்றில் மருந்து வாசனை ஏறும் என்று தெரியும். அதனால் முதல் நாளே பிடித்து அகலப் பாத்திரத்தில் வைத்து, காபி ஆத்துவது போல் சொம்பால் தூக்கித் தூக்கி ஆத்திவிட்டுத்தான் உலை வைப்பாள். அந்த ஞாபகம்தான் வந்திருக்க வேண்டும்.

"மசமசன்னு நிக்காதய்யா! வாசன போற மாரி ஆத்து! பாப்பா, வாளி எடு! டிரம்முல கீற பச்சத் தண்ணிய எடுத்தாந்து திருப்பி ஊத்து!"

ஆத்தினோம். நானும் தம்பியும் டிரம்மிலிருந்து பச்சைத் தண்ணீரைச் சுமந்து ஊற்றினோம். நைனா வாளியால் மொண்டு தலைக்கு மேல் தூக்கிக் கொட்டினார். சத்தம் கேட்டு ஓடி வந்த லேப் மாமா முதலில் லிட்மஸ் தாளைத்தான் எடுத்தார். அம்மா முறைத்தாள். தாளைப் பையில் போட்டுவிட்டு அவரும் ஒரு குண்டானை எடுத்துக்கொண்டார். இருட்டும் வரை ஒரே ஆத்தல். யாராவது எட்டிப் பார்த்திருந்தால், பெரிய வெள்ளியும் அதுவுமாக இந்தக் குடும்பத்துக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

கடைசியில் மிஞ்சியது ஃபோர்மேனும் கூட இரண்டு ரோகுவும்தான். மற்றதையெல்லாம் நைனா வாழை அடியில் புதைத்தார். குழம்பு வைக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை முழுவதும் நைனா பள்ளத்தங்கரையை விட்டு நகரவில்லை. சாயங்காலம், "அக்காவ வர வேணாம்னு யார்கிட்டயாவது சொல்லி அனுப்பலாமா?" என்றார்.

"நீரடிச்சு நீர் வெலகாது. வரட்டும். உங்கக்காதானே, ஊரா?" என்றாள் அம்மா.

ஈஸ்டர் அன்று விடியற்கால ஆராதனைக்கு நைனா வரவில்லை. கர்த்தர் உயிர்த்த நாளில் எந்த முகத்தோடு வருவது என்றார். நாங்கள் மட்டும் போய்விட்டுத் திரும்பும்போது தெருமுனையில் அத்தை பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். புதுப் புடவை, கையில் தூக்கு. பாட்டில் இல்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. எங்களை முத்திக் கொஞ்சிவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனாள். நைனா பள்ளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தார். வெயில் இன்னும் மதிலைத் தாண்டவில்லை.

"இன்னாடா, பண்டிகை நாளும் அதுவுமா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற?"

"எல்லாம் போச்சுக்கா. நல்ல தண்ணி விடுறேன்னு நானே சாவடிச்சிட்டேன். நீ சொன்னது சரி. இந்தத் தண்ணி ஆவாது. மூணே மூணுதான் கீது."

அப்போது ஃபோர்மேன் மேலே வந்தான். எப்போதும் போல் தடித்த உதட்டை வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடினான். நைனாவின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

"அதோ பாருக்கா. டெய்லி ஷிஃப்ட் முடிச்சு வந்தா இப்பிடித்தான். எனக்குக் குட்மார்னிங் சொல்லுது."

அத்தை ஃபோர்மேனைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"ஆமாண்டா கண்ணு, உனக்குத்தான் சொல்லுது" என்றாள். "மூணு கீதுல்ல? உசுரோடதானே கீது? நான் எத்தினின்னு கணக்கா கேட்டேன்? போ, எனக்கு ஒரு சொம்பு தண்ணி எடுத்தா. உங்கொழாத் தண்ணி."

நைனா எழுந்த வேகத்தில் செருப்பு ஒன்று பள்ளத்தில் விழுந்தது. அதை எடுக்கக் கூட நிற்காமல் வாசலுக்கு ஓடினார். அவர் தலை மறைந்ததும் அத்தை புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். கரையில் கிடந்த தென்னை மட்டையை எடுத்துத் தண்ணீரைப் படார் படார் என்று அடித்தாள், கலக்கினாள், காலால் உதைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஃபோர்மேன் வாயை மூடிக்கொண்டு அடியில் இறங்கிவிட்டான்.

"மூச்சு முட்டிக்கினு கீதும்மா அதுக்கு" என்றாள் அம்மாவிடம், தாழ்ந்த குரலில். "பொழுது விடியற நேரத்துல தண்ணியில காத்து இருக்காது. எங்க ஏரியில எத்தினி தபா பாத்துக்கீறேன். ரொம்பத் துன்னக் குடுத்தா தண்ணி இன்னும் மோசமாவும். காத்தால தவிடு போட வுடாத. ஒரு மட்டைய எடுத்து நீ தண்ணிய அடிச்சு வுடு. அவங்கிட்ட மட்டும் சொல்லிடாத. ராவெல்லாம் நெருப்புல வெந்துட்டு வர்ற புள்ள. ஒரு மீனாவது குட்மார்னிங் சொல்லட்டும்."

நைனா எவர்சில்வர் சொம்பு தளும்பத் தளும்ப வந்தார். அத்தை கரையேறி அதை வாங்கினாள். மூக்கருகே போனதும் ப்ளீச்சிங் நெடியில் அவள் கண் கலங்கியது தெரிந்தது. அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"நல்லாத்தான் கீது. வாசனையாத்தான் கீது" என்றாள். "சோறு ஆச்சா? பசிக்குது."

நைனா சிரித்த சிரிப்பை நான் எழுதிக் காட்ட முடியாது. அம்மா வீட்டுச் சேவலை அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். இலை போடப் போகும்போது அத்தை என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, அந்தத் தூக்க உள்ள கொண்டு போய் வை" என்றாள். நான் தூக்கினேன். எப்போதும் கை இழுக்கிற தூக்கு, அன்றைக்குக் கையோடு மேலே வந்துவிட்டது. அடுக்களையில் வைத்து மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே சோறு இல்லை. வெங்காயம் இல்லை. கழுவித் துடைத்து, ஈரம் கூட இல்லாமல் காலியாக இருந்தது.

அத்தை இருட்டோடு ஊரை விட்டுக் கிளம்பியிருப்பாள். அப்போது அவளுக்கு மீன் இருக்கிறதா செத்ததா ஒன்றும் தெரியாது. கையில் சோறில்லாமல், பாட்டில் தண்ணீர் இல்லாமல் பஸ் ஏறியிருக்கிறாள்.

நான் அம்மாவிடம் காட்டினேன். அம்மா தூக்கை வாங்கி உள்ளே பார்த்தாள். பிறகு மூடியைப் போட்டு அழுத்தினாள்.

"நைனாகிட்ட சொல்லாத" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மீனு ஜெயிச்சதாவே இருக்கட்டும்."

அன்றைக்கு நைனா சாப்பிட்ட சாப்பாட்டை நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தோம். அக்காவும் தம்பியும் எதிர் எதிரே உட்கார்ந்து சாப்பிட, குழம்பு குறையக் குறைய அம்மா ஊற்றினாள். சாயங்காலம் அத்தை கிளம்பும்போது அம்மா தூக்கு நிறையக் குழம்பு போட்டுக் கொடுத்தாள். பஸ் நகரும்வரை அது அத்தையின் மடியில் இருந்தது.

ஃபோர்மேனை யாரும் குழம்பு வைக்கவில்லை. அம்மா தினமும் சங்கு ஊதுவதற்கு முன்னால் எழுந்துபோய் மட்டையால் தண்ணீரை அடித்துவிடுவாள். அதனால் குட்மார்னிங் குறைந்துவிட்டது. நைனா வருத்தப்பட்டார். "சர்வீஸ் ஆயிடுச்சுல்ல, ஃபோர்மேனுக்குத் திமிரு வந்துடுச்சு" என்பார். என்றைக்காவது அம்மா அசந்து தூங்கிவிட்டால் ஃபோர்மேன் மேலே வருவான், நைனா அன்று முழுவதும் குஷியாக இருப்பார். அடுத்த மழையில் பள்ளம் நிரம்பி வழிந்தபோது அவன் தெருக் கால்வாய் வழியாக எங்கோ போய்விட்டான். பள்ளத்தை மூடி அதன்மேல் இப்போது யாரோ லேத் பட்டறை வைத்திருக்கிறார்கள். அத்தையும் நைனாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். கடைசி வரை வீட்டுக்கு யார் வந்தாலும், தனக்கு ஒரு மீன் குட்மார்னிங் சொன்ன கதையை நைனா சொல்லாமல் அனுப்பியதில்லை. அம்மாவும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்போம்.

இன்று காலையில் எழுந்து கூடத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் லுங்கியோடு தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காற்று விடுகிற மோட்டார் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அதை ராத்திரியே நிறுத்தியிருக்கிறார். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"பாரேன், பாரேன்" என்றார். முப்பது வருஷம் ஆபீஸ் போய் வந்து, இப்போது போக இடமில்லாத மனுஷன். முகமெல்லாம் சிரிப்பு. "என்னைப் பார்த்ததும் ஓடி வருதுங்க. எப்படித்தான் தெரியுமோ!"

நான் மீன்களைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

"உங்களைப் பார்த்துத்தான் வருது" என்றேன். "வாசலில் பால் பாக்கெட் வந்திருக்கும், எடுத்துக்கிட்டு வாங்க."

அவர் எழுந்து போனதும் மோட்டாரைப் போட்டேன்.